ஆப்பும் நகரும்

நெடுங்கேணி,
14.09.2025

என் அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

இன்று காலை எழும்பியவுடன் முதல் வேலையாக உன்னுடைய சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். யார் ஓடுவதற்கு என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. மாமரத்தோடு சாத்தியபடி முன் சில்லு தட்டையாய்க் கிடந்தது. பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அடித்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டினேன். அப்பா கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டு, "அவள் போய் ரெண்டு கிழமைதான், நீ அவளின்ர சைக்கிளோட கதைக்கத் தொடங்கிட்டாய்" என்றார்.

விடுதியில் போன் வைத்திருக்கக் கூடாது என்று சிஸ்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்சலோடு கடிதமும் வரும். பழனியாண்டி அண்ணை வவுனியா பஸ்ஸில் கொண்டக்டராக இருக்கும்வரை நமக்குத் தபால்காரர் தேவையில்லை. உன் பையைத் தன் இருக்கைக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்து வாசலில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வெறும் சாப்பாட்டு ரின்களை அவரிடமே திருப்பி அனுப்பு. கழுவி அனுப்பு.

எள்ளுருண்டை வைத்திருக்கிறேன். கருவாட்டுப் பொரியலை இரண்டு நாளில் முடித்துவிடு. தலைக்கு நல்லெண்ணெய் வை. நீ எடுத்த பாடம் கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆகவே கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டும்.

எனக்கு வேலை நல்லபடி போகிறது. ஆறு வருடம் அம்பாறைப் பக்கம் கிடந்து, மாதத்தில் ஒரு தடவை உன்னைப் பார்த்து, போன வருடம்தானே நெடுங்கேணிப் பிரதேச செயலகத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. ஸ்கூட்டியில் ஏறினால் பத்து நிமிடத்தில் வேலை. இனி இந்த வீட்டு வாசல் படலையைத் தாண்டி ஓரிடமும் போகமாட்டேன் என்று அப்பாவுக்கும் அலுவலகத்திலும் சொல்லி வைத்திருந்தேன். நான் வந்து சேர, நீ வெளிக்கிட்டுவிட்டாய். இது முறைப்பாடு இல்லை. சும்மா எழுதினேன்.

உன் நினைவோடு,
அம்மா


வவுனியா, விடுதி,
28.09.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ரின்களைக் கழுவியிருக்கிறேன். மணந்து பார்க்க வேண்டாம்.

எள்ளுருண்டை எனக்கு இரண்டுதான் கிடைத்தது. மிச்சத்தை டிலுசா தின்றுவிட்டாள். என் பக்கத்துக் கட்டில். முல்லைத்தீவில் கடற்கரைப் பிள்ளை, அவளுடைய அப்பா கடற்றொழில் செய்கிறார். அவளும் என் வகுப்புத்தான். முப்பது பேருக்குள் பெண்பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். முதல் நாள் பின் வரிசை வாங்கில் இருந்து ஒருவன், "இது பயோ வகுப்பு இல்லை, அக்காமார்" என்றான். டிலுசா திரும்பிப் பார்த்து, "தெரியும் தம்பி, பயோவில உம்மை அறுக்கச் சொல்லுவினம், அதுதான் இஞ்சை வந்தனாங்கள்" என்றாள். 

இங்கே எல்லாவற்றுக்கும் மணி. எழும்ப மணி, குளிக்க மணி, செபத்துக்கு மணி. எனக்குக் கஷ்டம் ஒன்றுதான். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். கணக்குப் பாதியில் நிற்கும். பாதிக் கணக்கோடு படுத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

ஒரு முறைப்பாடு இருக்கிறது. இதுவரை எழுதிய கடிதங்களில் "நீ எடுத்த பாடம்" என்கிறீர்கள், "அந்தப் பாடம்" என்கிறீர்கள், போன கிழமை "உன் விருப்பம்" என்றுகூட எழுதினீர்கள். அதற்குப் பெயர் இருக்கிறது, அம்மா. இணைந்த கணிதம். கெட்ட வார்த்தை இல்லை.

அப்பாவுக்கு என் அன்பு. சைக்கிளை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
யது


நெடுங்கேணி,
12.10.2025

என் அன்பு மகளுக்கு,

மழைக்கு முன்னர் விதைத்துவிட வேண்டும் என்று அப்பா உழவு மெஷினோடு நிற்கிறார். இப்போது எங்கள் வீட்டில் எல்லாக் கதையும் வயல் கதைதான்.

நேற்றுச் சிவனேஸ்வரி மாமி வந்திருந்தா. தேத்தண்ணியைக் கையில் வாங்க முதலே தொடங்கிவிட்டா. "சாதாரண தரத்தில ஒன்பது ஏ எடுத்த பிள்ளையை ஏன் பயோவுக்கு விடேல்ல? பயோ எண்டா டொக்டர். ஆர் கேட்டாலும் விளங்கும். இது என்ன, கணிதம்? படிச்சுப்போட்டு என்ன செய்யிறது, எண்ணுறதோ?"

அப்பா சிரிக்காமல் சொன்னார்: "எண்ணட்டும் அக்கா. நெல்லு மூட்டை எண்ண எனக்கும் ஆள் இல்லை."

"உனக்குப் பகிடி. நாளைக்குக் கலியாணம் பேசேக்க தெரியும்."

அப்பா தன் அக்காவைச் சமாளித்துவிட்டார். என்னால் அப்படிச் சிரித்து விட முடியவில்லை. நீ கேட்டதற்கு நேராகவே பதில் எழுதுகிறேன். எனக்கும் நீ உயிரியல் படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அது மாமியின் காரணம் இல்லை. நீ எப்போது பிறந்தாய் என்று உனக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம், சண்டைக்கு நடுவில், தறப்பாள் கொட்டிலுக்குள். மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு டொக்டர் இருந்தார், அவரைச் சுற்றி நூறு பேர் இருந்தார்கள். உன்னை எப்படி அவருடைய கைக்குக் கொடுத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு டொக்டர்தான். கணக்குத் தெரிந்த ஒருவரை நான் தேடவில்லை. இப்படிச் சொன்னால் உனக்கு வலிக்கலாம். ஆனால் என் மனதில் உள்ளது இதுதான்.

தீபாவளிக்கு வா. நல்ல கோழி ஒன்று விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா


வவுனியா, விடுதி,
05.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

தீபாவளிக்கு வந்து நின்ற நாட்களில் சோதனை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது புள்ளி வந்திருக்கிறது. பௌதிகவியல் அறுபத்திரண்டு, இரசாயனவியல் எழுபது. இணைந்த கணிதம் பதினொன்று.

பிழையாக எழுதவில்லை. பதினொன்றுதான்.

இருபதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை, 13ஆம் திகதி, பத்து மணிக்கு. விரும்பினால் பாடப்பிரிவை மாற்றலாம், பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று பகுதித் தலைவர் ரீச்சர் சொன்னா. உயிரியல் வகுப்பில் இடம் இருக்கிறதாம். எனக்கு மாற விருப்பம் இல்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு கேள்வி வந்தது. ஒரு மேசையில் ஓர் ஆப்பு இருக்கிறது, விறகு பிளக்க அப்பா வைப்பாரே, அதே வடிவம். மேசையும் வழுவழுப்பு, ஆப்பும் வழுவழுப்பு, புத்தகத்தில் அதை ஒப்பமானது என்பார்கள். ஆப்பின் சரிவில் மணல் மாதிரி ஒரு சின்னத் துணிக்கையை விடுகிறோம். அது எவ்வளவு வேகமாக இறங்கும்? எல்லோரும் துணிக்கையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் துணிக்கை இறங்கும்போது ஆப்பு சும்மா நிற்காது, அம்மா. அதுவும் எதிர்ப்பக்கம் நகரும். அதை மறந்தால் முழுக் கணக்கும் பிழை. நானும் முதலில் மறந்துவிட்டேன். பாதியில்தான் பிடிபட்டது. வெட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். ஆப்பு தன்பாட்டில் நகருவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக என்னால் முடியவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால், தாளைக் கட்டச் சொல்லி மணி அடிக்கிறது.

டிலுசா சொல்கிறாள்: "எல்லாரும் கணக்குச் செய்யிறம், நீ கணக்குக்குள்ள குடியிருக்கிறாய். வாடகை கேக்கப் போகினம்." அவளுக்கு முப்பத்தெட்டு.

பதில் எழுதுங்கள்.

யது


நெடுங்கேணி,
09.11.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எப்பிடி? ஆப்பு வைச்சது ஆர், அவளுக்கோ எங்களுக்கோ?" என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

யது, நான் சுற்றி வளைக்கவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டேன். கையெழுத்து வைக்கத்தான் வருகிறேன். நூற்றுக்குப் பதினொன்று என்பது உன் வாழ்க்கையில் நீ கண்டிராத புள்ளி. ஒரு கணக்கை விட முடியாத பிள்ளை, ஒரு பாடத்தையும் விட முடியாமல் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்காக நான் விடுகிறேன். இரண்டு வருடம் கழித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் நீ வீட்டில் இருப்பதைப் பார்க்க என்னிடம் பலம் இல்லை. இப்போது நீ என்னைக் கோபித்தால், அதைத் தாங்குவேன்.

பௌதிகவியலும் இரசாயனவியலும் அப்படியே இருக்கும். மாறப்போவது ஒன்றுதான். அதை நீ இழப்பாக நினைக்காதே.

சம்பல் இடித்து வைத்திருக்கிறேன். பாணோடு சாப்பிடு.

அம்மா


வவுனியா, விடுதி,
11.11.2025

அம்மாவுக்கு,

இதைப் பழனியாண்டி மாமாவிடம் கையில் கொடுத்து, இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ரின் இல்லை.

நீங்கள் கையெழுத்து வைத்தால் நான் உயிரியல் வகுப்பில் போய் இருப்பேன். சத்தம் போடமாட்டேன், பட்டினி கிடக்கமாட்டேன். படிப்பேன். ஏ எடுத்தாலும் எடுப்பேன். நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு நான் கொடுக்க வேண்டியது அதுதான் என்றால் கொடுக்கிறேன். ஆனால் அது எனக்கு விருப்பமானது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். பொய் சொல்ல வராது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்து வைக்கமுதல், எங்களுக்குக் கணிதம் படிப்பிக்கும் ஸ்ரீபன் சேரிடம் என் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளங்காவிட்டாலும் பாருங்கள். பார்த்துவிட்டு வையுங்கள்.

யதுர்ஷிகா


நெடுங்கேணி,
16.11.2025

என் அன்பு யதுவுக்கு,

வியாழக்கிழமை உன்னைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். நீ வகுப்பு யன்னலால் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். மூன்று நாள் உன்னைத் தவிக்க விட்டதற்குக் காரணம், சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் முடிவாக இருக்கவில்லை. அரைகுறையாய் ஏதும் சொல்லி உன்னைக் குழப்ப விரும்பவில்லை. இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

எங்களை ஒரு வகுப்பறையில் இருத்தினார்கள். ஏழெட்டுப் பெற்றோர் இருந்தோம். பகுதித் தலைவர் ரீச்சர் நல்ல மனுசி. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தாளை நீட்டி, பேனையையும் தானே கொடுத்தா. என் முறை வந்தபோது பேனை என் கையில் இருந்தது. உன் கடிதம் கைப்பையில் இருந்தது. "ரீச்சர், பிள்ளையின்ர விடைத்தாளை ஒருக்கால் பாக்கலாமோ?" என்றேன். அவாவுக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். ஆள் அனுப்பி ஸ்ரீபன் சேரைக் கூப்பிட்டா.

நான் நினைத்தது வயதானவர் ஒருவரை. வந்தவர் சின்னப் பொடியன், சட்டைக் கையில் சோக்குத் தூள். உன் தாளை விரித்தார். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை, யது. நான் புவியியல் படித்தவள். ஆனால் படம் விளங்கியது. முதல் பக்கத்தில் ஓர் ஆப்பு, அதன் மேல் ஒரு புள்ளி. அடுத்த பக்கம் முழுவதும் எழுதி, மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டால் வெட்டியிருந்தாய். அதற்குப் பிறகு மறுபடி அதே ஆப்பு. இந்தத் தடவை அதன் அடியில் ஓர் அம்புக்குறி. அங்கிருந்து எழுத்து ஆறுதலாக, நேராக, ஒரு வெட்டும் இல்லாமல் போகிறது. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

"இதுக்கு முழுப் புள்ளியும் குடுத்திருக்கிறன்" என்றார் சேர். "வகுப்பில ஆப்பு நகருது எண்டதைக் கண்டுபிடிச்சது மூண்டு பேர். தன்ர பிழையைத் தானே பிடிச்சு, வெட்டிப்போட்டு, திருப்பித் தொடங்கினது இவ மட்டும்தான்."

"அப்ப ஏன் சேர் பதினொண்டு?"

"பத்து இதுக்கு. அடுத்த கேள்வியில படம் கீறினதுக்கு ஒண்டு. மிச்சம் எல்லாம் வெறும் தாள். பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, அம்மா. நேரம் தெரியாது. ஒரு கணக்குக்குள்ள போனா வெளிய வாறதில்லை."

"வேகம் பழக்கலாமோ?"

"பழகலாம். கன கணக்குச் செய்ய, கை தானா ஓடும். ஆனா இருந்து செய்ய நேரம் வேணும். விடுதிப் பிள்ளையள் மணிக்கு எழும்பி மணிக்குப் படுக்கினம். இப்பிடியான பிள்ளைக்கு அது சரிவராது." ரீச்சரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் உறுதி தரேல்ல. முடிவு உங்கட."

பேனையை மேசையில் வைத்தேன். கையெழுத்து வைக்கவில்லை. "திங்கக்கிழமை சொல்லுறன், ரீச்சர்" என்றேன். "திங்களோட முடிஞ்சுது, அம்மா. பிறகு மாத்த ஏலாது" என்றா. கையெழுத்து வைக்காத அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையால் நடந்தேன். ஏன் அந்தப் பக்கம் போனேன் என்று என்னைக் கேட்டால், கால் போனது என்றுதான் சொல்லுவேன். ஒரு வீட்டுப் படலையில் "அறை வாடகைக்கு" என்று கரியால் எழுதிய பலகை தொங்கியது. தட்டினேன். அமராவதி என்ற அம்மா வந்தா. தனி அறை, பக்கத்தில் சின்னக் குசினி, தனி வாசல். எல்லாம் காட்டினா. எனக்குக் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. "ராவில எத்தனை மணிவரை லைட் எரியலாம்?"

அவா என்னை மேலும் கீழும் பார்த்தா. "கரண்ட் பில்லை நீங்கள் கட்டினால் விடியும்வரை எரியட்டும். ஏன், தையல் வேலையோ?"

"ஓம், ஒரு மாதிரித் தையல்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா சேறோடு வந்து படியில் இருந்தார்.

"கையெழுத்து வைச்சனியோ?"

"இல்லை."

"பின்ன?"

"திங்கக்கிழமை சொல்லுறன் எண்டு வந்தனான்."

"திங்கக்கிழமை என்ன சொல்லப் போறாய்?"

"திங்கக்கிழமை சொல்லுறன்."

"எனக்குமோ?" என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். அன்று இரவு சாப்பிடும்போது, உனக்கு உருண்டை பிடிக்க எள்ளு எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தார்.

மூன்று நாளாக நான் யோசித்தது டொக்டரையும் கணிதத்தையும் பற்றி இல்லை. உன்னை அந்தச் சனத்துக்குள்ளால் கொண்டுபோய் டொக்டரின் கைக்குக் கொடுத்த அன்று, நீ யாராக வரவேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நீ இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். டொக்டர் ஆசை பிறகு வந்தது. அது என்னுடையது. பயந்தவளுக்கு வருகிற ஆசை அது. அந்தப் பயத்தை உன் பாடப்பிரிவாக நான் எழுதக் கூடாது. அந்த வெட்டிய பக்கத்தைப் பார்த்தபோதுதான் இது எனக்கு விளங்கியது. பிழை என்று கண்டதும் ஒரு முழுப் பக்கத்தையும் வெட்ட உனக்குப் பதினாறு வயதிலேயே துணிவு இருக்கிறது. எனக்கு நாற்பத்து நான்கு.

ஆகவே நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன். கையெழுத்து இல்லாத தாளை ரீச்சரிடம் திருப்பிக் கொடுத்து, என் மகள் இணைந்த கணிதம்தான் படிப்பாள் என்று சொல்லுவேன். 

இனி எழுதுவது இதுவரை ஒருவருக்கும் சொல்லாதது. அப்பாவுக்கும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை. வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்கப் போகிறேன். விண்ணப்பம் எழுதி முடித்துவிட்டேன். படலையைத் தாண்டமாட்டேன் என்றவள் கேட்கிறேன் என்று செயலகத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இடமாற்றம் வரும்வரை அமராவதி அம்மாவின் அறையில் இருந்து விடியற்காலை பஸ்ஸில் நெடுங்கேணிக்கு வந்து போவேன். கார்த்திகை முடிய உன்னை விடுதியில் இருந்து எடுப்பேன். அங்கே மணி இருக்காது. நீ ஒரு கணக்குக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமென்றாலும் குடியிரு. ஆனால் பக்கத்தில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு நானும் இருப்பேன். நீ வெளியே வரப் பழகும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். அதற்குக் கணிதம் தெரியத் தேவையில்லை.

துணிக்கை இறங்கினால் ஆப்பும் நகரும், மேசை ஒப்பமாக இருந்தால், என்று எழுதியிருந்தாய். எங்கள் வீடு ஒப்பமான மேசை இல்லை, யது. வயல் இருக்கிறது, விதைத்து ஒரு மாதம்தான். மாமி இருக்கிறா. அப்பாவுக்குத் தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் வைக்கத் தெரியாது. உரசாமல் நகர முடியாது. இன்னொன்று, ஆப்பு எதிர்ப்பக்கம் போகும் என்றும் எழுதியிருந்தாய். நான் உன் பக்கம்தான் வருகிறேன். அதற்குப் புள்ளி வெட்டினால் வெட்டு.

இன்று காலையும் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பார்சலைக் கொடுக்கும்போது, "அண்ணை, பஸ் கூரையில ஒரு சைக்கிள் ஏத்தலாமோ?" என்று கேட்டேன். "ஏத்தலாம் தங்கச்சி, எங்க போறதுக்கு?" என்றார் பழனியாண்டி அண்ணை.

சிரித்துவிட்டு, பையை அவருடைய இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கினேன்.

எள்ளுருண்டையில் நாலை ஒளித்து வை, டிலுசாவுக்கு மிச்சம்.

நாளை பத்து மணிக்கு யன்னலால் பார்,
உன் அம்மா,
கௌசலா